சரிவுக்குள் ஒரு காது

விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. ஆனாலும் ஆபீஸ் மூலையிலிருந்த ஒலிபெருக்கி ஒரு தடவைகூட முனகவில்லை. லோஜினிக்கு அதுதான் உறுத்தியது.

தோட்டத்து ஆபீசில் கணினி வேலை அவளுக்கு. மேல் சரிவில் புதைத்திருக்கும் கருவி மண்ணுக்குள் கேட்பதையெல்லாம் அந்த ஒலிபெருக்கிக்கு அனுப்பும். மண் நகர்ந்தால் அபாயச் சங்கு ஊதும். முன்பு அந்தச் சரிவு இடிந்து தொழிலாளர் குடியிருந்த ஒரு லயத்தையே மூடியபோது அவளுடைய அம்மா அழகம்மாவும் உள்ளே இருந்தாள். கொஞ்ச நாள் தோண்டினார்கள். பிறகு, கிடைக்காதவர்களின் மேலேயே தேயிலைக் கன்று நட்டார்கள். அதற்கு நேர் கீழேதான் இப்போது பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளோடு அவள் மகள் கனிஷ்காவும் அங்கே.

"ஏன் கணக்கப்பிள்ளை, சத்தமே இல்ல?"

முத்துலிங்கம் குடையை உதறினார். "தொர நிப்பாட்டச் சொன்னாரு. கொழும்புலருந்து ஒருத்தன் வந்து செஞ்சிட்டுப் போயிட்டான். சங்கு ஊதுனா பொம்பளைங்க கூடையப் போட்டுட்டு ஓடுதுங்க. கொழுந்த யாரு எடுக்கிறது, நீயா?"

"கீழ புள்ளைங்க இருக்குங்க."

"மல என்ன ஒங்கிட்டச் சொல்லிட்டா வரும்?"

"சொல்லட்டும்னுதானே கருவி வச்சிருக்கு! தொரய அவரு புள்ளைய அங்க கொண்டாந்து விடச் சொல்லுங்க. அப்புறம் நானே நிப்பாட்டுறேன்."

அவர் சிரித்துக்கொண்டே பக்டரிப் பக்கம் இறங்கிப் போனார்.

லோஜினி கதவைச் சாத்தினாள். கணினியை அணைத்து மறுபடி போட்டாள். லினக்ஸ் தொடங்கும் முன் வரும் கிரப் திரையில் அதை நிறுத்தி, திருத்துவதற்கான ஆங்கில 'இ' விசையை அழுத்தினாள். லினக்ஸின் கருவான கர்னலுக்குரிய கட்டளைகள் நீளமாய் விரிந்தன. வரியின் கடைசியில் கருவியின் பெயர். அதற்கு முன்னால், இதை ஏற்றாதே என்ற தடை. ஒரு மலையின் வாயைப் பொத்த இவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கிறது. ஒவ்வோர் எழுத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள். இந்த ஒரு தடவைக்கு இது போதும், நிரந்தரமாகப் பிறகு மாற்றலாம் என்று தொடங்கவிட்டாள்.

ஒலிபெருக்கி விழித்தது. முதலில் வேர்களுக்கிடையே நீர் கசிந்து இறங்கும் ஓசை, கல்லோடு கல் உரசும் ஓசை, அவற்றுக்கெல்லாம் அடியில் யாரோ கனமாய் மூச்சுவிடுவதுபோல ஓர் இழுப்பு. கதவும் சன்னலும் சாத்திய அறைக்குள் எங்கிருந்தோ புதிதாய்த் தோண்டிய மண்ணின் வாடை ஏறியது. பிறகு ஓர் அடி. மெதுவாய் இன்னோர் அடி.

தப்பு.

அந்தக் காலத்தில் விடியுமுன், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிட அடிக்கும் தப்புப் பறை. ஒவ்வோர் அடிக்குப் பின்னும், சேறு அடைத்த தொண்டையிலிருந்து ஒரு பதில். வேறு வேறு தொண்டை.

சங்கு ஊதவில்லை. மண் நகரவில்லை. மண்ணுக்குள் ஆட்கள் நகர்ந்தார்கள்.

தப்பு நின்றது. பெரட்டு முடிந்தால் ஆட்கள் புறப்படுவார்கள்.

தொலைபேசியை எடுத்தாள். பிள்ளைக்காம்பராவுக்குப் புதிதாய் வந்திருக்கும் ஆயா நாகலெட்சுமி எடுத்தாள்.

"ஆயாம்மா, புள்ளைங்கள வெளிய கொண்டாங்க! ஒடனே!"

"லோஜினியா? எல்லாரும் போயிட்டாங்களேம்மா. இப்பத்தான் மலைலருந்து பொம்பளைங்க வந்து ஆளுக்கொரு புள்ளையாக் கூட்டிட்டுப் போனாங்க."

"யாரு? மொகத்தப் பாத்தீங்களா?"

"தலைல கம்பளி, இடுப்புல படங்குச் சாக்கு. மழையில யாரும்மா மொகத்தப் பாக்குறது? கூடையும் கம்பளியுமா வந்தா நம்ம ஆளுங்கதானே. கனிஷ்காவ ஒரு வயசான அம்மா தூக்கிக்கிட்டாங்க. பேத்தின்னாங்க. மேலெல்லாம் சேறு. ரொம்பக் கோவம் அவங்களுக்கு."

"என்ன சொன்னாங்க?"

"'தோண்டுறத யாரு நிப்பாட்டச் சொன்னது'ன்னு கேட்டாங்க. நான் என்னத்தக் கண்டேன்?"

சன்னலுக்கு வெளியே மூடுபனி விலகியது. சரிவில், புதிய தேயிலைக்கிடையே, நிரை பிடித்துப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பிள்ளை. ஏற ஏற, மண் அவர்களுக்கு முழங்கால்வரை வந்தது. இடுப்புவரை. குளத்தில் இறங்குவதுபோல. கூடைகள் முழுகின. கம்பளிகள் முழுகின.

கடைசியாய் ஒருத்தி. அவள் தோளில் கனிஷ்காவின் சிவப்புத் தொப்பி.

அதுவும் போனது.

லோஜினி கத்தினாள். சரிவில் ஓர் இலைகூட அசையவில்லை. அவளுக்குப் பின்னால், ஒலிபெருக்கியில், மிகப் பக்கத்தில், குழந்தையின் குரல் கூப்பிட்டது.

"அம்மா."

அதன் வாய்க்குள் மண் போகும் ஓசையும் கேட்டது.