ஐசையா அடித்த வரி

பெட்டி பெட்டியாக என் முன்னோர்களைச் சுமந்துகொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மகளின் பப்பில் போய் இறங்கினேன். மழை விடவில்லை. இங்கிலாந்தின் டிப்டன் ஊர்க் கால்வாய் தேநீர் நிறத்தில் தேங்கிக் கிடந்தது. பெயின்ட் அப்பிய கால்சட்டையோடு வாசலில் நின்ற கார்லா என் பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏம்ப்பா, செத்தவங்க இத்தன பேரா? இருக்க எடம் பத்துமா?"

"எல்லாம் ஆணி அடிச்சுப் பொழச்சவங்கடி. மூலையில ஒடுங்கிக் கெடந்து பழக்கம்."

நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு சிலர் மீன் பிடிக்கிறார்கள், சிலர் தோட்டம் போடுகிறார்கள். நான் தாத்தாக்களைத் தோண்டினேன். ஞானஸ்நான ஏடு, கல்லறை ஏடு, பப் உரிமப் பட்டியல் என்று பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தால் சாப்பாடு மறந்துபோகும். எங்கள் ட்ரோமன்ஸ் குடும்பத்தில் பிரபுக்கள் யாருமில்லை. கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்ட ஆணிக்கொல்லர்கள், சுரங்கக் கூலிகள், அவர்களுடைய இருமல். அந்தக் கும்பலில் ஒரே ஒருவர்தான் தலை நிமிர்ந்தவர். என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஐசையா ட்ரோமன்ஸ். 1858 முதல் ஐந்து வருஷம் ‘மூன்று லாடம்’ பப்பை நடத்தியவர்.

அந்தப் பப்பைத்தான் கார்லா எடுத்திருந்தாள். விவாகரத்து முடிந்து, வீட்டை விற்று, கையில் இருந்ததையெல்லாம் இதில் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை திறப்பு. ஐசையாவின் கதையைச் சட்டம் போட்டு பாருக்கு மேலே மாட்ட வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தாள். அவள் அம்மா போன பிறகு எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். நிலவைக் கேட்டிருந்தாலும் ஏணி தேடியிருப்பேன்.

அன்று மதியம் சமையலறையில் சான்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது முதல் தடவை கேட்டேன். சமையலறைக்கும் பாருக்கும் நடுவில் நிலவறைக் கதவு. தடித்த ஓக் மரம், வெளிப்பக்கம் ஒரு இரும்புத் தாழ்ப்பாள்.

மூன்று தட்டு. இடைவெளி. மறுபடி மூன்று.

ஈரக் கம்பளியும் கால்வாய்ச் சேறும் கலந்த ஒரு வாடை கதவின் கீழிடுக்கில் வந்தது. எழுந்து போய்த் திறந்தேன். பன்னிரண்டு படிகள், கீழே பீர்ப் பீப்பாய்கள், அவற்றுக்குப் பக்கத்தில் பீரை மேலே தள்ளும் கரியமில வாயு உருளைகள். ஆள் இல்லை.

"குழாய்ப்பா," என்றாள் கார்லா. "பழைய வீடு. நானும் வந்த நாள்லேர்ந்து கேக்கறேன். வாயு கசிஞ்சா கத்தற மணி ஒண்ணு கீழ இருக்கே, அதையும் கழட்டி வச்சிட்டேன். சும்மா சும்மா கத்துது. வெள்ளிக்கெழம காலைல ஆள் வந்து புதுசு போடுவான்."

"குழாய் கதவத் தட்டுமாடி?"

"இந்த ஊர்ல தட்டும்."

மறுநாள் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். 1861ஆம் வருஷத்து மக்கள் தொகைக் கணக்கு. ஏப்ரல் ஏழாம் தேதி, ஞாயிறு இரவு, யார் யார் எந்தக் கூரையின் கீழ் தூங்கினார்கள் என்பதைக் குடும்பத் தலைவர் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்கெடுப்பாளர் திங்கட்கிழமை வந்து வாங்கி, ஏட்டில் பார்த்து எழுதுவார். ‘மூன்று லாடம்’ பக்கத்தைக் கண்டுபிடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐசையா, பப் நடத்துபவர், வயது முப்பத்தெட்டு. மனைவி. நான்கு பிள்ளைகள்.

அதன் கீழே இன்னொரு வரி. தாளில் இருந்தபடியே எழுதி, குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தது.

பெயர் தெரியாது. பெண். விருந்தாளி. சுமார் முப்பது.

இந்த மாதிரி வரிதான் எங்களைப் போன்ற பைத்தியங்களுக்குப் பாயசம். உடனே அந்த வார உள்ளூர் செய்தித்தாளைக் கேட்டு வாங்கினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு அங்குலச் செய்தி. ஞாயிறு மாலை கால்வாயிலிருந்து ஒரு பெண்ணின் உடலை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் பிணவறை ஏது? கேட்க நாதியில்லாத உடலைப் பக்கத்துப் பப்பின் நிலவறையில் போட்டுப் போலீஸ்காரன் பூட்டிவிடுவான். மறுநாள் சாவை விசாரிக்கும் ஜூரி வந்து இறங்கிப் பார்த்துவிட்டு, மேலே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லி, அங்கேயே பீர் குடித்துவிட்டுப் போகும்.

திங்கட்கிழமை ஜூரி வந்தபோது உடல் பலகையில் இல்லை. மேல்படியில், கதவை ஒட்டிச் சுருண்டு கிடந்தது. விரல் முட்டிகளில் தோல் போயிருந்தது. பக்கத்து வீட்டுச் சலவைக்காரி ஹெப்ஸிபா ரவுண்ட், இரவு முழுக்கத் தட்டல் கேட்டதாகச் சாட்சி சொன்னாள். எலியாக இருக்கும் என்று விசாரணை அதிகாரி அவளை அதட்டி உட்கார வைத்தார். ஐசையா பைபிளில் கை வைத்து, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

தீர்ப்பு: நீரில் மூழ்கிச் சாவு.

அடித்திருந்த அந்த வரிக்குத் திரும்பினேன். கணக்கெடுப்புத் தாளில் பிணத்துக்கு இடம் கிடையாது. அன்று இரவு உயிரோடு இருந்தவர்களைத்தான் எழுத வேண்டும். ஐசையா எழுதியிருக்கிறார். அவள் உயிரோடு இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பேய் என்று பயந்தாரோ, போலீஸ்காரனின் பூட்டுக்குப் பயந்தாரோ, கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவளை விருந்தாளி என்று எழுதினார். விடிந்ததும் அடித்துவிட்டார்.

பயந்தாங்கொள்ளி என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

அன்று மாலை கார்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பெயின்ட் தூரிகையைக் கீழே வைக்கவே இல்லை.

"இலவசமா ஒரு பேய் கெடச்சிருக்கு. வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகும்ப்பா."

"வெளையாடாத. இந்த வீடு வேண்டாம் கண்ணு. என்கூட வந்துடு."

"வந்து? உன் சோபாவுல படுத்துக்கவா? நாப்பத்தி மூணு வயசுல?" அவள் குரல் இறங்கியது. "எனக்கு வேற எடம் இல்லப்பா. இது போச்சுன்னா நான் போனேன்."

திறப்பு முடிந்ததும் எப்படியாவது அவளை அங்கிருந்து கிளப்பிவிட வேண்டும் என்று மனதுக்குள் உறுதி செய்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை நாற்காலிகள் வாங்க டட்லிக்குப் போகிறேன், மதியம்தான் வருவேன் என்றாள் கார்லா. நான் அந்தப் பெண்ணுக்குக் கல்லறை இருக்கிறதா என்று தேவாலயத் தோட்டத்தில் தேடினேன். இல்லை. பதினொன்றரைக்குத் திரும்பி முன்வாசல் வழியாக நுழைந்தேன். வீடு வெறிச்சென்று இருந்தது.

மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

செவ்வாய்க்கிழமை மாதிரி இல்லை. இது கையால் அல்ல, முழங்கையால் இடிப்பது போல இருந்தது. கதவு அதிர்ந்து அதன் மேலிருந்த தூசி என் சட்டையில் விழுந்தது. அதே சேற்று வாடை.

"யாரு?"

தட்டல்தான்.

"யாரு அங்க? பேசு!"

கார்லாவாக இருந்தால் வாயைத் திறந்திருப்பாள். அவள் குரல் மூன்று தெரு தாண்டும். இதற்கு வாயே இல்லை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அதைச் சொல்ல வெட்கமில்லை. அடுத்ததைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

தாழ்ப்பாளைப் போட்டேன்.

போட்டுவிட்டு முதுகைக் கதவில் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரம் எதிரே இருந்தது. ஒவ்வொரு இடியும் என் முதுகெலும்பில் இறங்கியது. பதினொன்று முப்பத்தைந்து. பதினொன்று நாற்பது. தட்டலின் வேகம் கூடிக்கொண்டே போனது. யாரோ அவசரமாக, உயிர் போகிற அவசரமாகத் தட்டுவது போல இருந்தது.

பதினொன்று ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல், நின்றது.

பட்டென்று நின்றது.

இனி ஒரு நிமிஷம்கூட என் மகள் இங்கே கால் வைக்கக் கூடாது. அப்படியே திரும்பி என் வீட்டுக்குப் போ என்று சொல்வதற்காக, அவள் எண்ணை அழுத்தினேன்.

மணி அடித்தது.

அவள் கைப்பேசி, கதவுக்குப் பின்னால் அடித்தது.

தாழ்ப்பாளைத் திறந்து ஏழெட்டுப் படி இறங்கியிருப்பேன். காற்று காற்றாக இல்லை, மூச்சு முட்டித் தலை சுற்றியது. தவழ்ந்து மேலே வந்து அவசர உதவியை அழைத்தேன். தீயணைப்பு ஆட்கள் முகமூடி போட்டு இறங்கினார்கள். அவளுடைய வண்டி பின்முற்றத்தில் நின்றிருந்தது. டட்லியில் கடை திறக்கவில்லையாம். திரும்பி வந்து பின்வாசல் வழியாக நுழைந்து, பீப்பாய் மாற்ற நிலவறைக்குப் போயிருக்கிறாள். வாயு கசிந்திருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும்.

ஆம்புலன்ஸில் வந்த பெண் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பொண்ணுக்கு வலியே இருந்திருக்காதுங்க. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல நெனவு போயிருக்கும். உருளைக்குப் பக்கத்துலயே விழுந்துட்டாங்க. கைல ஸ்பானர் அப்படியே இருக்கு."

"படியேறி வந்திருப்பாளா? கதவு வரைக்கும்?"

"வாய்ப்பே இல்ல." அவள் தயங்கினாள். "யாராவது ஒரு கால் மணி முன்னாடி பாத்திருந்தா... சரி, விடுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கார்லாவின் விரல்களைப் பார்த்தேன். முட்டிகளில் ஒரு கீறல் இல்லை. நகத்தோரம் பச்சைப் பெயின்ட் மட்டும்.

அப்படியென்றால் இருபது நிமிஷம் தட்டியது யார்? எதற்காகத் தட்டினாள்? எனக்குத் தெரியும். தன்னை வெளியே விடச் சொல்லி அல்ல. கால்வாயிலிருந்து எடுத்த அந்தப் பெண்ணுக்குக் கதவின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். பேச வாயில்லாதவள், இருந்த ஒரே வழியில் கார்லாவுக்காக என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

இப்போதெல்லாம் சாவு விசாரணை பப்பில் நடப்பதில்லை. ஜூன் மாதம், நகராட்சிக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில், தண்ணீர் ஜாடி வைத்த மேசைகளுக்கு நடுவே நடந்தது. அதிகாரி ஒரு அம்மாள், இதமான குரல். அவசரமில்லை, நிதானமாகச் சொல்லலாம் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார்.

"மிஸ்டர் ட்ரோமன்ஸ், நீங்க பதினொன்றரைக்கு உள்ள வந்தீங்க. பன்னெண்டு மணிக்குப் பக்கத்துல அவசர உதவிக்குப் போன் பண்ணீங்க. இடையில ஏதாவது சத்தம் கேட்டுதா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியேறி வந்தேன். முந்தின இரவு முழுக்க ஒத்திகை பார்த்தேன். எதிரே கார்லாவின் தோழிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"இல்லைங்க," என்றேன். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

அம்மாள் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

அப்போது கதவோரம் உட்கார்ந்திருந்த நீதிமன்ற ஊழியர் தலையைத் திருப்பினார். பியூ என்று பெயர், தொப்பை வைத்த சாந்தமான மனிதர். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, பக்கச் சுவரில் இருந்த சின்னக் கதவை நோக்கி நடந்தார்.

"என்ன மிஸ்டர் பியூ?"

"மன்னிக்கணும் மேடம். யாரோ தட்டறாங்க."

"எனக்குக் கேக்கலையே."

"தட்டறாங்க மேடம். பாவம், ரொம்ப நேரமாத் தட்டறாப்ல இருக்கு."

முன்பின் தெரியாத அந்த மனிதர், ஒரு நொடி யோசிக்காமல் கதவை அகலத் திறந்தார். உள்ளே காகிதக் கட்டுகள் அடுக்கிய அலமாரி அறை. யாருமில்லை. ஈரக் கம்பளி வாடை அறைக்குள் பரவியது. முன்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சுளித்தாள்.

பியூ தோளைக் குலுக்கிவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டுத் தன் இடத்துக்கு வந்தார். உட்காரவில்லை. நின்றுகொண்டு, சத்தம் வரும் திசையைத் தேடி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

கதவு திறந்துதான் இருந்தது. தட்டல் நிற்கவில்லை.