பேக்கரிக்காரர் வீட்டுக் குதிரை

என்னை எல்லாரும் கேள்விக்குறி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அப்படி என்ன கேள்வி கேட்டுவிட்டேன்? ஏன் எனக்கு மட்டும் இப்படி ஒரு பெயர்? யார் வைத்தது? சரி, விடுங்கள்.

இந்த ஆண்டு எங்களுக்கு 'அலுவலகக் கணினி' என்று ஒரு புதுப் பாடம் வந்தது. பரீட்சையே கிடையாது. ஒரு கடைக்கோ அலுவலகத்துக்கோ கணினியில் ஏதாவது வேலை செய்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"உண்மையான கடையா, மிஸ்? விளையாட்டுக்கு இல்லையா?"

"உண்மையான கடைதான். சேவ் பண்ணியாச்சா?"

"இன்னும் ஒண்ணுமே டைப் பண்ணலையே, மிஸ்!"

"பரவாயில்ல, பழக்கம் வரட்டும்."

இதனால்தான் அவருக்குச் சேவ் மிஸ் என்று பெயர்.

எனக்கு வாய்த்த கூட்டாளி அவசரம். அதுவும் பட்டப்பெயர்தான். கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான். பாதி நேரம் அது வேறு கேள்விக்கான பதிலாக இருக்கும். ஆனால் தங்கமான பையன்.

நாங்கள் என் சித்தியின் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தோம். சித்தி விலங்கு டாக்டர். அங்கே போனால் ஒரு பக்கம் மருந்து வாசனை, இன்னொரு பக்கம் ஈர நாயின் வாசனை. மேசைக்கு அடியில் எப்போதும் யாராவது உறுமிக்கொண்டிருப்பார்கள்.

"வாம்மா கேள்விக்குறி! இன்னைக்கு எத்தனை கேள்வி எடுத்துட்டு வந்திருக்கே?" என்றார் சித்தி.

"ஒண்ணே ஒண்ணுதான், சித்தி. உங்களுக்கு என்ன தொந்தரவு?"

சித்தி பெருமூச்சு விட்டார். "மறதிதான். எனக்கில்ல, ஊருக்கு. குட்டிக்கு முதல் ஊசி போடக் கூட்டிட்டு வர்றாங்க. ரெண்டாவது ஊசியை மறந்துடறாங்க. இப்பப் பார்த்து நாய்க்குட்டிங்களுக்கு ஒரு காய்ச்சல் பரவுது. ரெண்டாவது ஊசி போடாத குட்டிய அது சும்மா விடாது. சனிக்கிழமை மருந்து வருது. எல்லாரையும் எப்படி வரவைக்கறதுன்னே தெரியல."

எனக்கு உடனே பஞ்சு ஞாபகம் வந்தது. ஒரு மழை நாளில் முதல் ஊசிக்கு வந்த வெள்ளை நாய்க்குட்டி. மழைக்கோட்டு போட்ட ஓர் அம்மா அதைத் தூக்கி வந்தார். ஊசி போடும்போது பஞ்சு அழவே இல்லை. என் ஷூ லேசைக் கடித்துத் தின்பதில் அவ்வளவு மும்முரம்!

"சித்தி, பஞ்சுவுக்கும் ரெண்டாவது ஊசி பாக்கியா?"

"பாக்கிதான்."

அவ்வளவுதான், எங்கள் செயல்திட்டம் முடிவாகிவிட்டது.

முதலில் ஒரு கடிதம் தட்டச்சு செய்தோம். 'ஊசிக்கோ உடல் பரிசோதனைக்கோ உங்கள் வீட்டுச் செல்லத்தைச் சனிக்கிழமை அழைத்து வாருங்கள்' என்று எழுதி, விலங்குக்கும் அதன் பெயருக்கும் மட்டும் காலி இடம் விட்டோம்.

அடுத்தது அட்டவணை. சித்தியின் பெட்டியில் இருந்த அட்டைகளைப் பார்த்து வீட்டு எண், விலங்கு, பெயர் என்று கட்டம் கட்டமாக நிரப்பினோம். 'பூனை, ராணி.' 'குதிரை, மின்னல்.' 'ஆமை, தாத்தா.' ஆமைக்கு யார் தாத்தா என்று பெயர் வைத்தது? அதன் பேரன் யார்? கேட்க ஆசையாக இருந்தது. அவசரம் விடவில்லை.

மூன்றாவதுதான் மந்திரம். அட்டவணையையும் கடிதத்தையும் சேர்த்துவிட்டால், கணினி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடிதமாகத் தானே எழுதித் தள்ளுகிறது! பிரிண்டரிலிருந்து தாள்கள் சரசரவென்று வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அன்று மாலையே இருவரும் வீடு வீடாகப் போய்க் கடிதங்களைப் போட்டோம். அட்டவணையில் வீட்டு எண்கள் வரிசையாக இருந்தன, கடிதங்களும் அதே வரிசையில் வந்திருந்தன; அதனால் வேலை சீக்கிரம் முடிந்தது.

"எப்படி வரிசையா வந்துச்சு? அட்டையெல்லாம் தாறுமாறாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நீ தண்ணி குடிக்கப் போனப்ப நான்தான் அடுக்கினேன்" என்றான் அவசரம் பெருமையாக. "அலையாம ஒரே நடையில முடிச்சிடலாம்ல!"

நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் பள்ளி முடிந்து மருத்துவமனைக்குப் போனால், வாசலில் பேக்கரிக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையெல்லாம் மாவு. கையில் எங்கள் கடிதம்.

"டாக்டரம்மா, என் குதிரை மின்னலைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கீங்க."

"ஆமா?"

"என்கிட்ட இருக்கறது ஒரு பூனை. அதுவும் மின்னல் இல்ல. நாள் முழுக்கத் தூங்குது. குதிரைக்கு நான் எங்க போவேன்? ரொட்டி மாவுல செஞ்சு கொண்டு வரவா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே அவர் கையில் இருந்த கடிதத்தை எட்டிப் பார்த்தேன். பின்னாலேயே தபால்கார அக்கா வந்தார். அவர் வளர்ப்பது முயல். கடிதத்தில் இருந்ததோ கிளி.

அவசரத்தின் முகம் வெளுத்துவிட்டது. என் காதருகே வந்து, "நான் வீட்டு நம்பரை மட்டும்தான் அடுக்கினேன். நடுவுல கம்ப்யூட்டர் ஏதோ ஒரு கட்டம் போட்டு என்னவோ கேட்டுச்சு. படிக்காம சரின்னு அமுக்கிட்டேன்" என்றான்.

சித்தியின் கணினியில் அட்டவணையைத் திறந்தேன். புரிந்துவிட்டது. வீட்டு எண்கள் மட்டும் அழகாக வரிசையில் நின்றன. விலங்குகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு யாருடைய விலங்கோ போய்விட்டது. 'பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்து அடுக்கவா?' என்றுதான் கணினி கேட்டிருக்கும். என் வாழ்க்கையிலேயே மிக முக்கியமான கேள்வி, நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் வந்திருக்கிறது!

"பழையபடி மாத்த முடியாதா?" என்றான் அவசரம்.

"நீ அடுக்கினதும் என்ன பண்ணினே?"

"சேவ் பண்ணினேன். மிஸ் சொன்னாங்களே!"

"பெட்டியில அட்டைங்க இருக்குமே!" என்று நான் உள்ளே ஓடினேன். பெட்டி காலி.

கம்பவுண்டர் அண்ணன் முயல் கூண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "அட்டையா? எல்லாம்தான் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சே! கிழிச்சு முயலுக்கு மெத்தை போட்டுட்டேன். பாவம், எவ்வளவு நிம்மதியா தூங்குது பாரு."

முயல் ஓர் அட்டைத் துண்டை மென்றபடி எங்களைப் பார்த்தது.

"யார் செஞ்ச வேலை இது?" என்று கேட்டார் சித்தி. அவர் குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். அவசரம் தரையைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நாங்க ரெண்டு பேரும்தான், சித்தி. நாங்களே சரி பண்ணிடறோம்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கே தெரியாது. பேக்கரிக்காரரின் கையில் இருந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தவறான கடிதமா? இல்லையே! மின்னல் என்று ஒரு குதிரை எங்கோ இருக்கிறது. கடிதம் சரிதான், போய்ச் சேர்ந்த வீடுதான் தப்பு.

"மாமா, காலையில உங்க கடைக்கு எல்லாரும் ரொட்டி வாங்க வருவாங்கல்ல?"

"வராம? பட்டினியா கிடப்பாங்க?"

"உங்க கடைக் கதவுல ஒரு தாள் ஒட்டிக்கலாமா?"

சாயங்காலமே ஒட்டிவிட்டோம். பெரிய எழுத்தில் இப்படி எழுதினேன்:

'உங்களுக்கு அடுத்தவர் வீட்டு விலங்குக்குக் கடிதம் வந்ததா? மன்னியுங்கள்! சனிக்கிழமை அந்தக் கடிதத்தோடு, உங்கள் சொந்த விலங்கையும் கூட்டிக்கொண்டு விலங்கு டாக்டரிடம் வாருங்கள். கடிதத்தின் உண்மையான சொந்தக்காரரை அங்கே கண்டுபிடியுங்கள்!'

பேக்கரிக்காரர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "எனக்கு அந்தக் குதிரையைப் பார்த்தே ஆகணும்" என்றார்.

சனிக்கிழமை மருத்துவமனை வாசலில் திருவிழாக் கூட்டம். நாய் குரைத்தது, கிளி திட்டியது, கூடைக்குள் பூனை சீறியது.

"யாருங்க ராணி? ராணி யாரு?"

"இங்க, இங்க! நீங்கதான் முயலா?"

"முயல் நான் இல்லைங்க, இவன்!"

ஒரே தெருவில் இருந்தும் பேசாதவர்கள் எல்லாம் கடிதத்தை மாற்றிக்கொண்டு சிரித்தார்கள். மின்னல் வந்தபோது பேக்கரிக்காரர் கடிதத்தை அதன் மூக்குக்கு நேராக நீட்டினார். மின்னல் அதை வாங்கித் தின்றுவிட்டது. அவசரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கூட்டம் கரையக் கரைய என் சிரிப்பு குறைந்தது. பஞ்சு வரவில்லை. அதன் கடிதம் கிளி வளர்க்கும் பாட்டு டீச்சரிடம் இருந்தது. அவர் அதை உயர்த்திப் பிடித்து, "பஞ்சு! பஞ்சு!" என்று ராகம் போட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டார்.

சித்தி பனிக்கட்டிப் பெட்டிக்குள் பார்த்தார். ஒரே ஓர் ஊசி மருந்து மீதி இருந்தது. "அந்த அம்மா வீடு எங்கேன்னு ஞாபகம் வரமாட்டேங்குதே" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அந்தக் குட்டி என் ஷூ லேசைக் கடித்துக்கொண்டு எவ்வளவு தைரியமாக இருந்தது! எங்கள் தப்பால் அதற்குக் காய்ச்சல் வரலாமா?

யோசி, யோசி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அட்டவணையில் கலைந்தது எது? வீட்டுக்கும் விலங்குக்கும் உள்ள ஜோடிதான். வீட்டு எண்கள் தொலையவில்லையே! எல்லா எண்ணும் அப்படியேதானே இருக்கின்றன?

"அவசரம், வந்தவங்க வீட்டு நம்பரையெல்லாம் சொல்லு. நான் ஒவ்வொண்ணா கோடு போட்டு அடிச்சிட்டே வர்றேன்."

நல்ல வேளை, வந்தவர்களின் எண்களை அவன் வாசலில் நின்று குறித்திருந்தான். அவன் சொல்லச் சொல்ல நான் அட்டவணையில் ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசியில் ஒரே ஓர் எண் மிஞ்சியது.

"ஏழாம் நம்பர்!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினோம்.

ஓடினோம். அவசரம் முன்னால், நான் பின்னால். வாழ்க்கையில் முதன்முறையாக அவன் அவசரம் எனக்குப் பிடித்திருந்தது.

ஏழாம் எண் வீட்டின் திரைச்சீலைகள் மூடிக்கிடந்தன. வாசல் சுவரில் ஓர் ஆணியில் அந்த மழைக்கோட்டு தொங்கியது! கதவைத் தட்டினோம். தூக்கக் கலக்கத்தோடு அந்த அம்மா திறந்தார்.

"ராத்திரி டியூட்டிம்மா எனக்கு, இப்பதான் கண்ணசந்தேன். ஓ, அந்தக் கடுதாசியா? எங்க வீட்டுல ஆமை இல்லையே! அதுவும் தாத்தான்னு பேராம்!"

நான் பதில் சொல்வதற்குள் என் கால் இழுபட்டது. குனிந்து பார்த்தேன். ஒரு வெள்ளைப் பந்து என் ஷூ லேசைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"பஞ்சு!" என்று அள்ளித் தூக்கிக்கொண்டேன். அது என் மூக்கை நக்கியது. நான் கொஞ்சம் அழுதுவிட்டேன். சரி, நன்றாகவே அழுதேன்.

கடைசி ஊசி பஞ்சுவுக்குப் போட்டாயிற்று. இந்த முறையும் அது அழவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் நடந்ததை எல்லாம் சொன்னோம். சேவ் மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு என் மேலயும் இருக்கு. சேவ் பண்ணுன்னு சொன்னேன், ஒரு நகல் எடுத்து வச்சுட்டுப் பண்ணுன்னு சொல்லலையே" என்றார்.

பிறகு உட்கார்ந்து, சனிக்கிழமை தெரிந்துகொண்டதை வைத்து வீட்டையும் விலங்கையும் மறுபடி ஜோடி சேர்த்தோம். வரிசையாக அடுக்க வேண்டியதுதான் பாக்கி. அவசரம் மவுஸைப் பிடித்தான். அடுக்கும் பொத்தானை அமுக்கினான். திரையில் அந்தச் சின்னக் கட்டம் ஒரு கேள்வியோடு எட்டிப் பார்த்தது.

அவன் சட்டென்று மவுஸை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"கேள்விக்குறி," என்றான், "சீக்கிரம் வா. உன் சொந்தக்காரங்க வந்திருக்காங்க."