ரத்தான தீர்ப்பு

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பஸ், அரியமுத்துவைப் பெரம்பலூரில் இறக்கிவிட்டபோது உச்சிப்பொழுது சாய்ந்திருந்தது. சித்திரை வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

அரியமுத்து, அரியலூர் வக்கீல் அரங்கநாதனிடம் குமாஸ்தா. வழக்குக்கு வேண்டிய பழைய தீர்ப்புகளைச் சட்டத் தொகுப்புகளில் தேடிப் பிடித்து, எந்த வருஷம், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று குறித்துக் கொடுப்பது அவன் வேலை. அந்தத் தீர்ப்பு இன்னும் செல்லுமா, பிற்பாடு ரத்தாகிவிட்டதா என்று பார்த்துச் சொல்வதும் அவன்தான்.

இப்போது வந்தது குன்னம் கிராமத்து வழக்கு ஒன்றுக்காக. வேம்பு என்ற விதவை, புருஷன் எழுதிவைத்த கரிசல் காட்டில் பருத்தி போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கிளப்பிவிட அவள் கொழுந்தன் வழக்குப் போட்டிருந்தான். அவன் பக்கம் அரங்கநாதன். புருஷன் அப்படி எழுதிவைத்தது செல்லாது என்று ஹைகோர்ட்டின் பழைய தீர்ப்பு ஒன்று இருப்பதாக அவருக்கு ஞாபகம். அந்தத் தொகுதி அவரிடம் இல்லை. பெரம்பலூரில் காலமான வக்கீல் பாலசுந்தரத்தின் வீட்டில் இருந்தது.

பாலசுந்தரத்தின் தங்கை பஞ்சவர்ணம் கதவைத் திறந்தாள். வந்த காரியத்தைக் கேட்டவள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். பிறகு புத்தக அறையின் பூட்டைத் திறந்துவிட்டு, வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டாள்.

"பாத்து எழுதிக்கிட்டுச் சுருக்கா வந்துடுங்க. உள்ள வாய்விட்டுப் படிக்காதீங்க."

"ஏங்கம்மா?"

"வேணாம்னா வேணாங்க."

அறை குளிர்ந்து கிடந்தது. ஜன்னல் கதவுகளின் இடுக்கு வழியே வெயில் கோடு கோடாக விழுந்தது. சுவர் முழுக்கத் தோல் அட்டை போட்ட தொகுதிகள். பூச்சி அரித்த காகித நெடி. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. புது மழை பட்ட கரிசல் மண்ணின் வாசனை.

ஊரில் மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

தீர்ப்பு சீக்கிரமே அகப்பட்டது. ஒற்றை நீதிபதி சொன்னது. அரியமுத்து வழக்கம்போல அடுத்தடுத்த தொகுதிகளை இறக்கி, ரத்தான தீர்ப்புகளின் அட்டவணையில் விரலை ஓட்டினான். இருந்தது. சில வருஷங்களுக்குப் பின் மூன்று நீதிபதிகள் கூடி உட்கார்ந்து அதைத் தப்பு என்று தள்ளியிருந்தார்கள். புருஷன் எழுதிவைத்தது பெண்டாட்டிக்குத்தான். வேம்புவை யாரும் அசைக்க முடியாது.

பழைய தீர்ப்பின் முக்கிய வரிகளைப் படியெடுத்து, அதன் கீழேயே ரத்தான விவரத்தையும் எழுதிக்கொண்டான். எழுத்துப் பிசகு இல்லாமல் பார்க்க, பழக்க தோஷத்தில் பழைய தீர்ப்பின் வரிகளை இங்கிலீஷில் முணுமுணுத்துப் படித்தான்.

அலமாரிக்குப் பின்னால் யாரோ எதையோ மென்றார்கள்.

நறநறவென்ற சத்தம். பல்லிடுக்கில் மணல் அரைபடுகிற சத்தம்.

அரியமுத்து நிறுத்தினான். சத்தமும் நின்றது.

எலியாக இருக்கும் என்று மறுபடி படித்தான்.

"தமிழ்ல சொல்லு."

பெண் குரல். பஞ்சவர்ணம் என்று நினைத்துத் திரும்பினான். அவள் வாசற்படிக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். அவள் உதடு அசையவில்லை. கண்கள் மட்டும் அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்து விரிந்திருந்தன.

"எனக்குப் புரியல. தமிழ்ல சொல்லு."

இப்போது அவன் காதருகே. மூச்சு படவில்லை. ஈரமண் வாடை மட்டும் முகத்தில் மோதியது.

எழுந்து ஓட நினைத்தான். அதற்குள் நாக்கு தானாகப் புரண்டது.

"புருசன் எழுதி வச்ச நெலம்... பொஞ்சாதிக்குச் சேராது."

பிடரியில் ஐந்து நகங்கள் இறங்கின.

"இல்ல தாயி! இது செல்லாது!" என்று அலறினான். "பெரிய பெஞ்சு தள்ளிடுச்சு. ரத்தாயிடுச்சு. நெலம் பொஞ்சாதிக்குத்தான்!"

நகங்கள் அசையாமல் நின்றன.

"எப்ப?"

வருஷத்தைச் சொன்னான்.

பிடரியில் நகங்கள் இன்னும் ஆழமாக இறங்கின.

"அப்ப ஏன்டா எனக்குச் சொல்லல?"

அலமாரி அவன்மேல் சரிந்தது. தொகுதிகள் தலையிலும் முதுகிலும் விழுந்தன. குப்புறக் கிடந்தவன் வாய்க்குள் ஒரு கை நுழைந்தது. சில்லென்ற கை. அது எதையோ அள்ளி அள்ளித் திணித்தது. கத்தத் திறந்த வாயில் மண். மூச்சிழுத்தால் மண்.

பஞ்சவர்ணம்தான் வாசற்படியைத் தாண்டாமலே அவன் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

முற்றத்தில் அவன் வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீர் கறுப்பாக ஓடியது. கைக்குள் அந்தக் குறிப்புத்தாள் கசங்கிக் கிடந்தது.

"யாரும்மா அது?"

"கலியம்மா. பூலாம்பாடிப் பக்கம்." பஞ்சவர்ணம் அறைக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். "அந்தத் தீர்ப்பக் காட்டித்தான் எங்கண்ணன் அவ நெலத்தப் புடுங்கிக் கட்சிக்காரனுக்குக் குடுத்தாரு. கோர்ட்டுல படிச்சது ஒரு எழுத்தும் அவளுக்கு வெளங்கல. நெலத்தக் கைப்பத்தக் கோர்ட்டு அமீனா வந்தன்னிக்கு உழவு சால்ல படுத்துக்கிட்டு, மண்ண அள்ளி அள்ளித் தின்னே செத்துட்டா."

"அது ரத்தானது ஒங்கண்ணனுக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சுதான் படிச்சாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரு செத்துக் கெடந்ததும் இந்த ரூம்புலதான். வாய்க்கரிசி போட வாயத் தொறந்தோம். அரிசி போட எடமில்லைங்க."

மறுநாள் காலை அரியமுத்து நடந்ததை ஒன்று விடாமல் அரங்கநாதனிடம் சொன்னான். அவர் அவன் பிடரியிலிருந்த காயத்தைப் பார்த்தார். அலமாரி விழுந்தால் அப்படித்தான் கீறும் என்றார். பிறகு குறிப்புத்தாளைப் படித்தார்.

"எதிர்க்கட்சி வக்கீல் சின்னப் பையன். அவன்கிட்ட என்ன புஸ்தகம் இருக்கப்போவுது?"

"வேணாங்க அய்யா. ரத்தானதக் காட்டக்கூடாது. அது தப்பு. அதுக்கும் மேல, அவ வுடமாட்டாங்க."

"எடுத்துக் குடுக்கறதோட ஒன் வேலை முடிஞ்சுபோச்சு, அரியமுத்து."

தாளை அளவாக மடித்து, ரத்தான விவரம் எழுதியிருந்த கீழ்ப்பாதியைக் கிழித்துப் போட்டார்.

விசாரணை நாளன்று முன்சீப் கோர்ட்டில் நல்ல கூட்டம். வேம்பு தூணோரம் கைகட்டி நின்றிருந்தாள். அரங்கநாதன் எழுந்து, வருஷம், தொகுதி, பக்கம் என்று கணீரென்று சொல்லித் தீர்ப்பைப் படிக்கத் தொடங்கினார். வேம்பு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என்ன சொல்கிறார்கள் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்ற பார்வை.

அரியமுத்துவுக்கு ஈரமண் வாடை அடித்தது.

அரங்கநாதன் இருமினார். மறுபடி படித்தார். மறுபடி இருமல். கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்தபோது அது கறுத்திருந்தது.

பெஞ்ச் கிளார்க் தண்ணீர் கொடுத்தார். குடித்த தண்ணீர் சேறாகத் திரும்பி, மேஜைமேலிருந்த காகிதங்களில் கொட்டியது. யாரோ வீறிட்டார்கள். அரங்கநாதன் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொள்ளப் பார்த்தார். வாய் மூடவில்லை. உள்ளேயிருந்து கரிசல் மண் கட்டி கட்டியாக வந்துகொண்டே இருந்தது.

அவர் பின்கழுத்துச் சதை உள்வாங்கி, ஐந்து குழிகள் விழுந்திருந்ததை அரியமுத்து பார்த்தான்.

அவன் முன்னால் ஓடினான். குமாஸ்தா பேசக்கூடாத இடம் அது. பேசினான்.

"எசமான், அந்தத் தீர்ப்பு ரத்தாயிடுச்சுங்க! மூணு ஜட்ஜுங்க சேந்து ரத்து பண்ணிட்டாங்க!" என்று சொல்லிவிட்டு, வேம்புவைப் பார்த்துக் கத்தினான். "ஒன் நெலம் ஒனக்குத்தாம்மா!"

அரங்கநாதன் அறுத்துப்போட்ட வாழைபோலச் சாய்ந்தார்.

உயிர் தங்கியது. பேச்சு திரும்பவில்லை. முன்சீப் தொகுதியை வரவழைத்துப் பார்த்தார். வழக்குத் தள்ளுபடியானது. வேம்பு தன் காட்டுக்குப் போனாள். அரியமுத்து வக்கீல் வாசலையே மறந்து, வேப்பந்தட்டையில் சின்ன வெங்காயம் வாங்கி விற்கும் வியாபாரத்துக்குப் போய்விட்டான்.

யுத்தம் முடிந்த வருஷம், ஒரு சாயங்காலம். அவன் மனைவி ரத்தினம்மாள் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள் அவள். கோர்ட்டில் நடந்த எதையும் அவன் அவளிடம் சொன்னதில்லை.

குனிந்த தலை நிமிராமல் அவள் ஏதோ முணுமுணுத்தாள். பாட்டு என்று நினைத்தான். காது கொடுத்துக் கேட்டான்.

இங்கிலீஷ்.

வருஷம். தொகுதி. பக்கம். அப்புறம் ஒவ்வொரு வரியாக, பிசகில்லாமல், அந்தத் தீர்ப்பு.

"ரத்தினம்..."

அரிவாள்மனையில் ஓடிய அவள் கை நின்றது. மெல்லத் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பல்லிடுக்கெல்லாம் கரிசல் மண் கறுப்பாக அப்பியிருந்தது.

"சரியாப் படிக்கிறனா?" என்றாள்.