மேசைமேல் விரித்த ஏரி

மார்லிஸ் தேவாலயத்திலிருந்து திரும்பி வந்து பின்கதவைத் திறந்தபோது, சமையலறை மேசைமேல் ஏரி வரைபடம் விரிந்து கிடந்தது.

ஜனவரி வந்துவிட்டால் அது அங்கேதான் கிடக்கும். கிறிஸ்துமஸ் மரத்தை வெளியே தூக்கிப் போட்ட கையோடு அவள் கணவன் வெண்டல் அதைக் கொண்டுவந்து விரிப்பான். எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவில், ஒண்டாரியோவின் வடக்கே, சாலையே போகாத ஏரிகள். ஒன்றின் வாய் இன்னொன்றில் திறந்து, தீவும் ஓடையுமாகக் கைரேகைபோல் பின்னிக் கிடப்பவை. மிதவை விமானத்தில் போய் இறங்கி ஒரு வாரம் மஸ்கி என்ற பெரிய வேட்டைமீனுக்குத் தூண்டில் வீசவேண்டும். பயணம் செப்டம்பரில்தான் என்றாலும் பேச்சு ஜனவரியிலேயே தொடங்கிவிடும். எந்த விரிகுடாவில் முதல் நாள், காற்று வடக்கே திரும்பினால் எங்கே ஒதுங்குவது, எந்த வெளிச்சத்துக்கு எந்த நிறத் தூண்டில் என்று வெண்டலும் அவன் தம்பி லைலும் காபி ஆற ஆறப் பேசுவார்கள்.

போன செப்டம்பரில் வெண்டல் திரும்பி வரவில்லை. படகு கவிழ்ந்தது. லைலைப் பாறையோரத்தில் உயிரோடு எடுத்தார்கள். வெண்டலை ஏரி உறையத் தொடங்கும்வரை தேடினார்கள். அத்தனை குளிர்ந்த தண்ணீர் ஆளை மேலே விடாது என்று, தேடப்போன போலீஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இதே மேசையருகில் நின்று சொன்னார். அவர் போனதும் மார்லிஸ் வரைபடத்தைச் சுருட்டி, நிலவறையில் அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

இப்போது அது மேசைமேல் இருந்தது. அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் லைலுக்கு போன் செய்தாள்.

"லைல், நீ இங்க வந்துட்டுப் போனியா?"

"நானா? காலைல இருந்து பனி வாரிக்கிட்டு இருக்கேன். இடுப்பு விட்டுப்போச்சு. ஏன், குழாய் ஏதாவது உறைஞ்சிடுச்சா?"

"மேப் மேசைமேல இருக்கு."

லைல் எப்போதும் வாய் ஓயாதவன். அன்று ஒரே வரியில் முடித்துக்கொண்டான்.

"அதை நான் தொடவே மாட்டேன், மார்லிஸ்," என்றான்.

நாமே எடுத்து வைத்து மறந்திருப்போம் என்று அவள் சொல்லிக்கொண்டாள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்படி ஆகும் என்று பாஸ்டரின் மனைவிகூடச் சொல்லியிருந்தாள். திரும்பச் சுருட்டி, திரும்பக் கீழே கொண்டுபோய்ச் செருகினாள். ஆனால் அது கிடந்த இடத்தில் எழுந்த ஒரு வாசனை போகவில்லை. வெளியே எச்சில் துப்பினால் உறைந்து விழும் குளிர். சன்னல்களுக்கெல்லாம் குளிர்காலத்துக்கென்று பிளாஸ்டிக் தாள் ஒட்டி, காற்றுகூட நுழையாத வீடு. அந்த வீட்டுக்குள், அவள் போன வாரம்தான் அடித்து முடித்திருந்த மஞ்சள் பெயின்ட்டின் மணத்தையும் தாண்டி, அழுகிய களைச்செடியும் ஈர இரும்பும் மீன் கவிச்சியும் கலந்த ஒரு நெடி தரையோடு தரையாகத் தவழ்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் வரைபடம் மறுபடி மேசைக்கு வந்திருந்தது. இந்தத் தடவை அவள் அதைச் சுருட்டவில்லை.

அதன் பிறகு சத்தங்கள் வந்தன. மத்தியானம் அவள் பாத்திரம் கழுவும்போது, வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் மூச்சு வாங்கி நிற்கும் இடைவெளியில், நிலவறையிலிருந்து அரம் இழுக்கும் ஒலி கேட்கும். தூண்டில் முட்களை வெண்டல் கூர் தீட்டுவானே, அதே ஒலி, நீளமாக ஒரு இழுப்பு, பிறகு முள்ளைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு நிறுத்தம், பிறகு மறுபடி ஒரு இழுப்பு. முதல் நாள் கையிலிருந்த தட்டு நழுவி உடைந்தது. அடுத்தடுத்த நாட்களில் அவள் குழாயை மூடிவிட்டு, நிலவறைக் கதவைத் திறந்து, மேல்படியில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினாள். அழுகை முட்டும். ஆனாலும் எழுந்து போக மனம் வராது.

"வெண்டல்?" என்று ஒருமுறை கூப்பிட்டாள்.

அரம் நின்றது. கீழே இருட்டில் யாரோ தலை நிமிர்த்திப் பார்ப்பதுபோன்ற ஒரு நிசப்தம்.

அவனுக்கு அவளிடம் ஒரே ஒரு குறைதான். வருஷா வருஷம் கேட்பான். "இந்தத் தடவை நீயும் வாயேன், மார். லைல் குறட்டைய எத்தனை வருஷம்தான் கேக்கறது? நீ தூண்டிலத் தொடவே வேணாம். சும்மா படகுல உக்காந்து பாரு." அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள், பள்ளி திறக்கும் செப்டம்பரில் எங்கே கிளம்புவது? "அடுத்த வருஷம்," என்பாள். போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டாள். அப்போதும் கேட்டான். அப்போதும் அடுத்த வருஷம் என்றாள். அவன் இல்லாத வாரத்தில் சமையலறைக்குப் பெயின்ட் அடித்து, வந்ததும் அவனை அசத்தவேண்டும் என்று ஆசை. தகவல் வந்தபோது அவள் ஏணிமேல் நின்றிருந்தாள், கையில் பிரஷ்ஷோடு.

அதனால், அவளுடைய நீலக் கம்பளிக் கோட்டு நடை அலமாரியிலிருந்து வந்து மேசையருகே நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருந்தபோது, கீழே அவள் பனிக்காலணிகள் வாசலைப் பார்த்தபடி ஜோடியாக நின்றபோது, அவள் பயந்தாள், அதைவிட அதிகமாக அழுதாள். கேட்கிறான். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அரைமணி கழித்து வந்து பார்த்தால் கோட்டு அலமாரியில் தொங்கியது. காலணிகளும் உள்ளே. கோட்டின் கைகள் நனைந்து சொட்டின. தானே எடுத்து மாட்டியிருப்போம் என்று நினைத்தாள். மறுநாள் கோட்டு மறுபடி நாற்காலியில். சாயங்காலம் மறுபடி அலமாரியில், இந்தத் தடவை பழைய போர்வைகளுக்கெல்லாம் பின்னால், கண்ணுக்கே படாத இடத்தில்.

அந்த வாரம் டோரீன் போன் செய்தாள். அந்த ஏரிக்கரையில் மீன்பிடி முகாம் நடத்துகிறவள்; வெண்டலைத் தேடிய ஆட்களுக்கெல்லாம் காபி ஊற்றியவள்.

"மார்லிஸ், இதை உன்கிட்ட சொல்லணுமா வேணாமான்னே தெரியல. யாராவது விளையாடறாங்களோ என்னவோ. என் போன்ல ஒரு குரல் பதிவாகியிருக்கு. அறை வேணுமாம். பொண்டாட்டியக் கூட்டிட்டு வராராம்."

"யாரு?"

"வெண்டல் குரல்தான். பின்னால தண்ணி சத்தம். ஆனா பாரு, வெண்டல் என்னை என்னைக்காவது டோரீன்னு முழுசா கூப்பிட்டிருக்காரா? டோரி, ஏ கிழவி டோரி, அப்படித்தானே? இது டோரீன், டோரீன்னு ஒவ்வொரு எழுத்தா சொல்லுது. யாரோ கத்துக்கொடுத்து ஒப்பிக்கற மாதிரி."

"குரல் அவரோடதுதானே?" என்று மட்டும் கேட்டாள் மார்லிஸ்.

டோரீன் அழ ஆரம்பித்துவிட்டாள்.

லைல் வந்தது சனிக்கிழமை மதியம். மனைவி பெவ் கொடுத்தனுப்பிய காட்டரிசி சூப்பைப் பானையோடு கொண்டுவந்திருந்தான். வாசலில் காலணியைக் கழற்றியபடியே, "இதைக் குடிச்சிடு, இல்லன்னா பெவ் என்னைக் குடிக்க வெச்சிடுவா. உப்பு போட்டாளா, உப்புல கொஞ்சம் சூப்பு போட்டாளான்னு தெரியல," என்றான். பிறகு மேசையைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

வரைபடத்தின் நடுவில், ஒரு குவளையின் அடிப்பாகம் அளவுக்கு, ஈர வட்டம் ஒன்று இருந்தது. அவன் தொட்டான். விரலை முகர்ந்தான். உடனே சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இது யாரு வெச்சது?"

"அவர்தான். போகவேண்டிய இடம்."

"இல்ல, மார்லிஸ். மஸ்கி கரையோரத்து மீன். பாறை, களை, அங்கதான் நிக்கும். இது நட்டநடு ஏரி. பள்ளம். இங்க எங்களுக்கு என்ன வேலை? வெண்டல் செத்தாலும் இங்க குறி வெக்க மாட்டான்." சொன்ன சொல் காதில் விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

அவள் காபி ஊற்றினாள். லைல் குவளையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"மஸ்கி எப்படி வரும்னு அவன் உனக்குச் சொல்லியிருப்பான்ல? கடிக்கறது அபூர்வம். தூண்டில் பின்னாலயே சத்தம் இல்லாம வரும். படகு ஓரம் வரைக்கும் வந்து, அப்படியே நின்னு, நம்மளப் பாக்கும். அப்புறம் இறங்கிப் போயிடும். அது வரப்போ நாம அப்படியே உறைஞ்சு போயி கீழயே பாப்போம்." குவளையைக் கீழே வைத்தான். "படகு கவுந்தப்போ அவன் கத்தல. என்னைக் கூப்பிடல. தண்ணிக்குள்ள கீழயே பாத்துக்கிட்டு இருந்தான். ஏதோ பின்னால வரப்போ பாப்போமே, அப்படி."

கொதிகலன் எங்கோ ஒரு முனகல் போட்டது.

"எங்க வீட்டுக்கு வந்துடு. இப்பவே. பெவ் படுக்கை போட்டு வெச்சிருக்கா."

"அவரு வந்தா வீட்ல யாரும் இருக்கமாட்டாங்களே, லைல்."

அவன் நெடுநேரம் கெஞ்சினான். பிறகு, இருட்டுவதற்குள் பெவ்வையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டாவது போகிறோம் என்று சொல்லிவிட்டு, காலணிக் கயிற்றைக்கூடக் கட்டாமல் வண்டிக்கு ஓடினான்.

வடக்கே ஜனவரியில் சூரியன் நாலரைக்கே மரங்களுக்குப் பின்னால் போய்விடும். பனிமேல் நீலம் படர்ந்தது. சன்னல் பிளாஸ்டிக் தாள்கள் உள்ளே ஒட்டி, வெளியே உப்பி, உள்ளே ஒட்டி, வீடே மூச்சுவிடுவதுபோல் அசைந்தன. மார்லிஸ் விளக்கைப் போடவில்லை. நாற்காலியில் கோட்டு மறுபடி வந்திருந்தது. அதைத் தடவினாள். இன்னும் எத்தனை நாள் இந்த மனுஷன் இப்படி எடுத்து வைத்துக்கொண்டே இருப்பான்? ஒரு சொல்லுக்காகத்தானே? வாழ்நாளெல்லாம் கொடுக்காத ஒரே ஒரு சொல்.

"சரி," என்றாள் மஞ்சள் சுவர்களைப் பார்த்து. "வரேன், வெண்டல். இந்த வருஷம் வரேன்."

கொதிகலன் நின்றது. குளிர்பெட்டி நின்றது. கடிகாரம்கூட.

முகம் கழுவிக்கொள்ளலாம் என்று குளியலறைக்குப் போனாள். அழுத முகத்தோடு அவன் முன்னால் நிற்க அவளுக்கு விருப்பமில்லை. தண்ணீர் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. துடைத்துக்கொண்டு நடைக்கு வந்தாள்.

சமையலறையில் நாற்காலி நகர்ந்தது.

வந்துவிட்டான்.

மேசையருகே, அவளுக்கு முதுகு காட்டி, அவன் உட்கார்ந்திருந்தான். படகில் போட்டுக்கொண்டு போன அதே சிவப்பு மழைக்கோட்டு. கோட்டின் தலைமூடியை முகம்வரை இழுத்து விட்டிருந்தான். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரையெல்லாம் தண்ணீர். அவள் காலுறை நனைந்தது. வரைபடத்தின் மேல் குனிந்து, அந்த ஈர வட்டத்தை ஒற்றை விரலால் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"வெண்டல்," என்றாள். நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவன் திரும்பவில்லை.

இடப்பக்கம் ஏதோ அசைந்தது. நிலவறைக் கதவு. பாதி திறந்திருந்தது.

மேல்படியில் வெண்டல் நின்றிருந்தான்.

வெறுங்கால். நீலம் பாரித்த கால். கிழிந்த பனியன், மூன்று நாள் தாடி, முன்பல்லில் அவளுக்குப் பழகிய அந்த விரிசல். அவன் கண்கள். அவளுடைய நீலக் கோட்டை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தான், பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று பயப்படும் குழந்தைபோல. உதடுகள் அசைந்தன. வாயிலிருந்து தண்ணீர்தான் வந்தது. வாழ்நாளெல்லாம் வா, வா என்று கேட்டவன், இப்போது அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. திரும்பத் திரும்ப. வராதே. வராதே.

அவள் அவனை நோக்கி ஒரு அடி வைத்தாள். அவன் அழுதான்.

"கிளம்பலாமா, மார்லிஸ்," என்றது நாற்காலியில் இருந்தது. வெண்டல் குரல். ஒவ்வொரு எழுத்தாக.

ஈரக் கை ஒன்று அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. இறுக்கமில்லை. அவசரமில்லை. அவள்தான் வருவதாகச் சொல்லிவிட்டாளே.

சிவப்புத் தலைமூடி மெல்லத் திரும்பியது.

உள்ளே முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றது. கரிய, அசையாத தண்ணீர், சன்னல்போல் நிமிர்ந்து. அதன் அடி தெரியவில்லை. அத்தனை கீழே, அத்தனை தூரத்தில், வெளுப்பாக, நீளமாக, ஏதோ ஒன்று அவளைப் பார்த்தபடியே மேலே வந்துகொண்டிருந்தது.