பதினாறாவது கேடயம்

"என் பாஸ்போர்ட் எனக்கு வேணும். இன்னைக்கே."

ஞானமணி கேட்டுவிட்டாள். அதை மட்டும் கேட்கவே கூடாது என்று ஜம்புநாதன் அங்கிள் நாலு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். ஹூஸ்டனிலிருந்து இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். பழைய ஜெர்மன் பிரபு குடும்பம், கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் பண்ணப் போகிறார்கள், பேப்பர் வேலைக்காக பாஸ்போர்ட் அந்த அம்மாவிடமே இருக்கட்டும், திருப்பிக் கேட்டு மரியாதையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றார்.

வீட்டுக்காரி ஒட்டீலியா அம்மாளுக்குக் கோபம் வரவில்லை. எண்பத்தாறு வயதுக் கழுத்தை மெதுவாகத் திருப்பி மாடிப் பக்கம் காது கொடுத்தாள். அப்போதுதான் ஞானமணிக்கும் உறைத்தது. இவ்வளவு நேரம் மாடியில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது.

ஈர்க்குமாறு வைத்து மண்தரையைப் பெருக்குகிற சத்தம். இரண்டு வாரமாகக் கேட்கிறது. மாடியில் இருப்பது கம்பளம். அங்கே குடியிருக்க யாரும் இல்லை. ஆஸ்டினுக்கு மேற்கே நாற்பது மைல் தள்ளி, சுண்ணாம்புக் கல்லில் கட்டிய இந்த வீட்டில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர்தான். வெளியே ஆகஸ்ட் மாதத்து மூன்று மணி வெயில் காய்ந்த புல்லைப் பொரித்துக்கொண்டிருக்க, உள்ளே ஜன்னல் பலகைகளைச் சாத்திவைத்த அரையிருட்டில் மெழுகு வாசனையும் பழைய தோல் வாசனையும் அசையாமல் நின்றன. நேற்றிலிருந்து அவற்றோடு இன்னொன்றும் கலந்திருந்தது. வியர்வையும் புகையிலையும். சாயங்காலம் வயலிலிருந்து கரையேறும் ஆட்களின் வாடை. இந்த ஊர் வாடை இல்லை.

கூடத்துச் சுவரில் குடும்பத்தின் பெரிய கேடயம் தொங்கியது. வெள்ளி நிறத்தில் ஒரு கறுப்பு முஷ்டி, இறுக மூடியது. ஃபான் ராபன்ஹார்ட் வம்சத்தின் சின்னம். அதைச் சுற்றிப் பதினாறு சிறிய கேடயங்களுக்கு இடம். அந்தக் காலத்தில் பிரபு என்று நிரூபிக்க, பாட்டன் பாட்டிகளின் தாத்தா பாட்டிகள் பதினாறு பேரையும் பெயர் சொல்லிக் காட்ட வேண்டுமாம். அந்த வரலாற்றை எழுதி, பட்டியலைப் படி எடுக்கத்தான் நூலகப் படிப்பு படிக்கிற ஞானமணியை வேலைக்கு வைத்தார்கள்.

ஜூன் மாதம் அந்த அம்மாள் ஒரு வெற்றுப் பட்டியலை நீட்டி, உன் பதினாறு பேர் யார் என்று கேட்டாள். சாதிச் சான்றிதழுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றே வளர்ந்தவளுக்கு, படிவம் என்று எது வந்தாலும் ஒரு கட்டத்தைக்கூட விடாமல் நிரப்பத்தான் தெரியும். அதோடு ரோஷம். உங்களுக்கு மட்டும்தான் பாட்டன் பூட்டன் உண்டா? அப்பாவுக்கு எழுதிக் கேட்டாள். சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் மருந்து கலக்குகிற அப்பா அலைந்து திரிந்து பெயர்களை அனுப்பினார். சுடலை, பேச்சி, இருளன், மாடத்தி, வெயிலான். யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்றும் அந்த அம்மாள் கேட்டாள். அதையும் எழுதினாள்.

பதினைந்து கேடயங்கள் சுவரில் ஏறின. ஒன்றில் அரிவாள், ஒன்றில் சுளகு, ஒன்றில் விளக்குமாறு. ஒவ்வொன்றையும் பிடித்திருந்தது அதே கறுப்பு முஷ்டி.

இன்று காலை அப்பாவின் கடிதம் வந்தது. "தாயி, கடைசி ஆள் பேரும் கெடச்சிருச்சு. பண்ணை வீட்டுப் பழைய நோட்டுல இருந்துச்சு. நம்ம ஆளுக பேரெல்லாம் அங்கதான கெடக்கு." கீழே பெயர். அதற்கும் கீழே, கோணல் எழுத்தில்: "இன்னொண்ணு. நம்ம இடுகாட்டு மேட்டுல பதினஞ்சு எடத்துல மண்ணு உள்வாங்கிருச்சு. மழையும் இல்ல, நரியும் இல்ல. என்னன்னு தெரியல."

அதை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டைக் கேட்டாள்.

அந்த அம்மாள் மேசை இழுப்பறையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தாள். அதன்மேல் தன் கையை வைத்தாள். "பதினாறாவது பெயர்," என்றாள் அமைதியாக. "சொல். எடுத்துக்கொள்."

திங்கட்கிழமை சான் ஆண்டோனியோ இமிக்ரேஷன் ஆபீசில் இண்டர்வியூ. பாஸ்போர்ட் இல்லாமல் போனால் படிப்பு முடிந்தது, அமெரிக்காவும் முடிந்தது. கடிதம் அவள் பையில் இருந்தது. ஒரே ஒரு பெயர்.

நடையில் இருந்த போனில் ஜம்புநாதன் அங்கிளைக் கூப்பிட்டாள்.

"ஒரு பேர்தானேம்மா, சொல்லிட்டு வாங்கிக்கோ," என்றார். "சும்மா emotional ஆகாதே. உனக்கு green card முக்கியமா, எப்பவோ செத்தவா முக்கியமா?"

"சரி அங்கிள். எங்க ஆள் பேரு கிடைக்கல. உங்க கொள்ளுத்தாத்தா பேரைச் சொல்லிரட்டுமா?"

மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அது வேண்டாம்மா," என்றார்.

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

போன் வைக்கப்பட்டது.

அவளுக்குப் பின்னால் மாடிப்படி முனகியது. ஒரு படி. இன்னொரு படி. செருப்பில்லாத பாதங்கள். நிறைய. வாடை கனத்தது. யாரோ இருமலை அடக்கினார்கள். பெரிய மனிதர்கள் முன்னால் அடக்குவதுபோல.

திரும்பிப் பார்க்கவில்லை. கடிதத்தை எடுத்தாள். பெயர் இருந்த வரியைக் கிழித்தாள். வாயில் போட்டாள். மென்றாள். நீல மை கசந்தது. விழுங்கினாள்.

கூடத்துக்கு வந்தாள். "உங்களுக்கு ஆள் கிடையாது," என்றாள். "பாஸ்போர்ட்டை நீங்களே வெச்சுக்குங்க."

ஒட்டீலியா அம்மாள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்து, மேசையை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

வாசலுக்குப் போக மாடிப்படியைத் தாண்டியாக வேண்டும். ஞானமணி பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். நெடுஞ்சாலை மூன்று மைல். நடந்தே போகலாம். யாராவது வண்டி நிறுத்துவார்கள். நிறுத்தாவிட்டாலும் சரி.

நின்றார்கள்.

படிகளின் அடியிலிருந்து வாசல் வரை, சுவரோரமாக, வரிசையாக. முழங்கால் வரை செம்மண். ஆண்கள் துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்கள். பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகி, கையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். ஒருவருக்கு அவள் அப்பாவின் காது. ஒருத்திக்கு அவளுடைய அதே நெற்றி.

அவள் வாய் திறந்தது. எந்தப் பெயரைக் கூப்பிடுவது.

நடந்தாள்.

பதினைந்து பேரும் அவளுக்கு வழிவிட்டு, முதுகை வளைத்து, சுவரோடு சுவராக ஒதுங்கினார்கள். ஒருவர்கூடக் கண்ணை உயர்த்தவில்லை. தன் நிழல் அவள்மேல் பட்டுவிடாமல் ஒரு கிழவர் பாதத்தை இழுத்துக்கொண்டார்.