இல்லை என்று சொல்லாத வரிசை

பரிசோதனைக் கூடத்தின் மேலாளர் வந்து கதவைத் தட்டியபோது, அண்ணி அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்திருந்தாள். படுத்துவிட்ட கணினி சர்வர்களை எழுப்புவது அவள் தொழில். அந்த வாரம் அவையெல்லாம் பேசி வைத்துக்கொண்டு படுத்துவிட்டன போலிருந்தது. அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"தினம் மதியச் சாப்பாட்டு நேரத்துல எங்க சர்வர் மெமரி நிரம்பி விழுந்துடுது மேடம். ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் அப்படியே நின்னுபோகுது. ஆபரேட்டர்தான் எதையோ நோண்டியிருக்கான். சாயங்காலம் அவனை வேலையை விட்டு அனுப்பிடுவோம். நீங்க அதை உறுதிப்படுத்தினா போதும்."

"முதல்ல பார்ப்போம்."

அவள் கணவனின் தம்பி அதற்குள் பையோடு வாசலில் நின்றான். அவளுக்கு உதவியாள் அவன்தான். துப்புத் துலக்குவது என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

கூடத்தில் ஆபரேட்டர் மூட்டை கட்டியிருந்தான். மகளின் படத்தைக்கூடச் சுவரிலிருந்து கழற்றிவிட்டான். "நான் எதையும் தொடலைங்க" என்றான், சொல்லிச் சொல்லி ஓய்ந்த குரலில். அண்ணி சர்வரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கச் சொன்னபோது கையை விரித்தான். மேலாளர்தான் கடவுச்சொல்லைத் தட்டினார்.

"முன்னெல்லாம் 'வரிசை நிரம்பியது, பிறகு வரவும்'னு திரையில வரும், டாக்டருங்க என்மேல பாய்வாங்க" என்றார் பெருமையாக. "இப்ப அந்தத் தொல்லையே இல்ல."

முன்மேஜையில் பதிவுக்காரம்மா, மின்விசிறிக் காற்றில் பறந்த காகிதங்களைத் தண்ணீர் பாட்டிலால் அழுத்திக்கொண்டிருந்தாள். கனமான பேப்பர் வெயிட் ஒன்று கீபோர்டின் அருகில் சும்மா கிடந்தது.

"வெளியாள் வேலை அண்ணி!" என்று கிசுகிசுத்தான் கொழுந்தன்.

"வெளியாளுக்கு எப்படிப்பா சரியா இவங்க சாப்பாட்டு நேரம் தெரியும்?"

எல்லோரையும் முன்மேஜைக்கு வரச்சொல்லி, அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். நிற்கத் தெம்பில்லை.

"வர்ற வேலையை சர்வர் பின்னால ஒரு வரிசையில நிறுத்தி வைக்கும். அந்த வரிசை மெமரியிலதான் நிக்குது. சரி, காகிதம் பறக்குது, பேப்பர் வெயிட் மட்டும் ஏம்மா கீபோர்டு பக்கத்துல கிடக்கு?"

பதிவுக்காரம்மா தலைகுனிந்தாள். "சாப்பிடப் போறப்ப என்டர் பட்டன்மேல வச்சிட்டுப் போவேங்க. இல்லாட்டி திரை பூட்டிக்கும். மறுபடி உள்ள போறதுக்குள்ள உயிர் போயிடும்."

"நீங்க திரும்புற வரைக்கும் அது 'முடிவு கொடு, முடிவு கொடு'ன்னு நச்சரிச்சுக்கிட்டே இருக்கு. அத்தனையும் வரிசையில சேருது."

"அப்ப இவங்கதான்!" என்று துள்ளினான் கொழுந்தன்.

"அவசரப்படாத. எத்தனை காலமா இப்படிச் செய்றீங்கம்மா?"

"வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து."

"அப்பல்லாம் சர்வர் விழலையே! ஏன்னா, வரிசைக்கு ஒரு எல்லை இருந்துச்சு. நிரம்பினா திருப்பி அனுப்பும், சர்வர் பிழைச்சுக்கும். அந்த எல்லையை யாரோ எடுத்துட்டாங்க. இப்ப வரிசை யாருக்கும் இல்லைன்னு சொல்றதில்ல, அதான் மூச்சு முட்டிச் சாகுது. அந்தப் பக்கத்தைத் திறக்க ஆபரேட்டருக்கு அனுமதியே கிடையாது. கடவுச்சொல் யாருகிட்ட இருக்கு?"

எல்லோரும் மேலாளரைப் பார்த்தார்கள்.

"டாக்டருங்க திட்டு தாங்க முடியல" என்றார் அவர். "எல்லையை எடுத்தா எல்லாருக்கும் நல்லதுன்னு நினைச்சேன்."

"சர்வர் விழ ஆரம்பிச்சப்ப, இதனாலயோன்னு தோணலியா?"

"தோணுச்சு மேடம்."

ஆபரேட்டர் அவரை நிமிர்ந்து பார்த்தான். அண்ணி மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"இதை நான் சொல்லப்போறதில்ல. உங்க டைரக்டர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அவர் டைரக்டர் அறைக்குப் போனார். அண்ணி வரிசைக்குப் பழையபடி எல்லை வைத்தாள். ஆபரேட்டர் மகளின் படத்தை எடுத்துச் சுவரில் மாட்டினான்.

அவளுடைய கைபேசி அடித்தது. இன்னொரு இடத்தில் இன்னொரு சர்வர். கொழுந்தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"இன்னிக்கு முடியாதுங்க. நாளைக்குக் கூப்பிடுங்க" என்றாள் அண்ணி.

அவள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதேயில்லை. பையை மெதுவாகக் கீழே வைத்தான்.