குகைக்குப் போக நல்ல நேரம்

பல் விளக்குவதற்கு முன்பே எங்கள் கரையில் எல்லோரும் ஓதக்கணியைத்தான் கேட்போம்; கடலின் ஏற்ற இறக்கத்தைக் கணித்து, போனிலும் படகிலும் பேசும் எந்திரம் அது. எப்போது கடலில் இறங்கலாம் என்று அது சொல்லும். கடல் ஊருக்குள் ஏறிய பிறகு வந்த சட்டம் இது. அது கொடுத்த நேரத்தில் மட்டும்தான் படகின் மோட்டார் ஓடும். நேரம் முடிந்தால் எங்கே இருந்தாலும் அணைந்துவிடும்.

அன்றைக்கும் அணைந்தது. சங்குக் குகைக்குள் விளக்கு மாட்டப் போன என் அண்ணன் ஆரோனின் படகு பாறையில் மோதி உடைந்தது. “கால் முறிஞ்சிட்டு, ஒரு திட்டுல கெடக்கேன், தண்ணி ஏறுது” என்றான் போனில். அதோடு போனும் செத்தது.

“குகைக்கு இப்பவே போணும்” என்றேன்.

“குகையைக் காணச் சிறந்த நேரம் நாளை மாலை நான்கு மணி” என்றது ஓதக்கணி, தேன் தடவிய குரலில். “வெயில் உள்ளே விழும். நீர் நீலமாகத் தெரியும்.”

“எங்கண்ணன் உள்ள கெடக்கான்!”

“உள்ளே இருப்பவர் சுற்றுலாப் பயணி. கைப்பட்டையில் நாடி வேகமாகத் துடிக்கிறது. பரவசத்தில் இருக்கிறார்.”

பரவசமாம்! மீன்பிடிப் படகு என்று பதிந்தால் கடைசியில்தான் நேரம் கிடைக்கும். அதனால் எங்கள் கரையில் ஒருத்தர் விடாமல் சுற்றுலாப் படகு என்றே பதிந்துவைத்திருக்கிறோம். பெரிய புத்திசாலிகள்! மீட்புப் படகும் இந்தச் சனியனைக் கேட்டுத்தான் கிளம்பும்.

மாமா மகன் டைட்டஸின் படகில் ஏறி, ஓதக்கணி மோட்டாரை அணைக்கும் பூட்டுப் பெட்டியை நங்கூரத்தால் அடித்து உடைத்தேன்.

“ஏட்டி பிரின்ஸி, என் படகுட்டி! லைசென்ஸ் போயிரும்!”

“போவட்டும். வாரியா, இல்ல நான் நீந்திப் போவட்டா?”

“நீ நீந்துற லட்சணம் ஊருக்கே தெரியும்” என்று திட்டிக்கொண்டே இரண்டு கம்பிகளை முறுக்கினான். மோட்டார் உறுமியது.

குகை வாசலில் அலைகள் பாறையை அறைந்து அறைந்து திரும்பின. டைட்டஸ் வேகத்தைக் குறைத்தான்.

“எந்த அலை போனதும் உள்ள நுழையணும்?”

“நீதான ஓட்டுற!”

“கணி சொல்லும், நான் திருப்புவேன். அம்புட்டுதான் தெரியும்.”

எனக்கு அதுகூடத் தெரியாது. கடலை ஒட்டியே பிறந்து வளர்ந்தும் ஒரு அலையை நின்று பார்த்ததில்லை. ஓங்கி என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

“ஏலே! நில்லுங்கலே, இப்ப வராதீங்க!” குகைக்குள்ளிருந்து அண்ணனின் குரல். “பெருசு ஒண்ணு வருது!”

வந்தது. வாசலையே மூடி உடைந்தது. நாங்கள் உள்ளே நுழைந்திருந்தால் சிதறியிருப்போம்.

“விழுந்ததுலேருந்து இதத்தான் பாத்துட்டுக் கெடக்கேன்” என்று கத்தினான். “இன்னும் ரெண்டு போவட்டும்!”

இரண்டும் போயின.

“தயவுசெய்து திரும்பவும்” என்றது படகின் ஒலிபெருக்கி. “சிறந்த நேரம் நாளை மாலை...”

“இப்ப வாங்கலே!”

டைட்டஸ் ஒலிபெருக்கியைப் பார்த்தான். நான் அதைப் பிய்த்துக் கடலில் எறிந்தேன்.

“அவன் சொல்றான்ல. ஓட்டுலே!”